ஒளிந்து கேட்க வேண்டாம், பிள்ளைகளே

டி. கல்லுப்பட்டியின் பிடிஎஸ் ரசிகைகளான 'ஆர்மி'க்கு ஒரு திறந்த மடல்

டி. கல்லுப்பட்டி,
பிப்ரவரி 2026

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

மார்ச் 20, வெள்ளிக்கிழமை. நான் சொல்லித்தான் உங்களுக்கு இந்தத் தேதி தெரிய வேண்டும் என்பதில்லை. கொரியப் பாட்டுக் குழுவான பிடிஎஸ்ஸின் ஏழு பேரும் ஒன்றாகச் சேர்ந்து பாடிய புது ஆல்பம் 'அரிராங்' அன்றைக்கு வருகிறது. 14 பாடல்கள். கொரியாவில் பகல் ஒரு மணி என்றால் நமக்குக் காலை ஒன்பதரை. அந்த நேரத்தில் உங்களில் பாதிப் பேர் பள்ளிக்கூட வாசலில் நிற்பீர்கள். பிளஸ் டூ பரீட்சை மார்ச் 2-இல் தொடங்கி 26 வரைக்கும் இருக்கிறது. பத்தாம் வகுப்புக்கு மார்ச் 11 முதல் ஏப்ரல் 6 வரை. இத்தனை வருஷம் காத்திருந்த ஆல்பம் சரியாகப் பரீட்சைக்கு நடுவில் வந்து விழுந்திருக்கிறது. உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் உங்களுக்குப் பெரியம்மா வயதுக்காரி. சாயங்காலம் எங்கள் வீட்டுக்குக் கணக்குப் படிக்க வரும் பிள்ளைகளில் ஒருத்தியின் ரஃப் நோட்டை ஒருநாள் திருப்பினேன். கடைசிப் பக்கத்தில் வட்டமும் கோடுமாக ஏதோ எழுத்து. முதல் வரியில் தன் பெயர், அடுத்த வரியில் அம்மா பெயர், அதற்குக் கீழே கல்லுப்பட்டி என்று ஊர்ப் பெயர், எல்லாம் கொரிய எழுத்தில். யூடியூப் பார்த்துத் தானாகவே கற்றிருக்கிறாள். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் நோட்டை வெடுக்கென்று பிடுங்கி மடியில் கவிழ்த்துக்கொண்டாள். முகம் செத்துப்போய்விட்டது. சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் ஒரு புது எழுத்தைப் படித்துக்கொண்ட பிள்ளை, அதை ஊரெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டிருக்க வேண்டும். அவளோ பிடிபட்டவள் போல உட்கார்ந்திருந்தாள். அந்த முகம் என்னை இன்னும் விடவில்லை.

பேரையூர் ரோட்டிலும் வன்னிவேலம்பட்டியிலும் தேவன்குறிச்சியிலும் உங்களைப் போன்றவர்கள் இருக்கிறீர்கள் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். எல்லோரும் ஒரே மாதிரிதான் இருக்கிறீர்கள். இயர்போன் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில், யாராவது படியேறினால் போனை அணைத்துவிட்டு. உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒளிந்து காத்திருக்காதீர்கள்.

இந்தக் காத்திருப்பில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஏழு பேரும் சேர்ந்து முழுக்கப் புதிதாகச் செய்த கடைசி ஆல்பம் 2020 நவம்பரில் வந்த 'பி'. 2022 ஜூனில் வந்த 'புரூஃப்' பெரும்பாலும் பழைய பாடல்களின் தொகுப்பு. அதன் பிறகு பட்டாளம். கொரியச் சட்டப்படி உடல் தகுதியுள்ள ஆண்பிள்ளைகள் பொதுவாக ஒன்றரை வருஷமாவது படையில் இருந்தாக வேண்டும். உலகமே கேட்கும் பாடகர்களுக்கு விலக்குத் தரலாமா என்று அங்கே பெரிய விவாதமே நடந்தது. 2022 அக்டோபரில், நாங்கள் போகிறோம் என்று அறிவித்தார்கள். அந்த டிசம்பர் 13-இல் ஜின் முதலில் போனார். 2024 ஜூன் 12-இல் முதலில் திரும்பியதும் அவர்தான். கடைசியாக 2025 ஜூன் 21-இல் சுகாவின் பணி முடிந்தது. ஒருவர் வர ஒருவர் போக, ஏழு பேரையும் ஒரு மேடையில் பார்க்க முடியாமல் இத்தனை காலம் போயிருக்கிறது. நம் பக்கத்தில் பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டு லீவு எப்போது என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்த வீடுகள் எத்தனை! அந்த வீட்டுப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், உங்களை அவர்களுக்குப் புரியும்.

காத்திருக்கத் தெரிந்த ஊர்தான் இது. ஏழூர் முத்தாலம்மன் திருவிழா வருஷா வருஷம் வருவதில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஏழு ஊரும் சேர்ந்து எடுக்கிற திருவிழா. வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் அதற்கென்றே லீவைச் சேர்த்து வைக்கிறார்கள். சப்பரம் கட்டத் தொடங்கினால் சின்னப் பிள்ளைகள் அந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை. திருவிழா ஒரு நாள் சந்தோஷம் என்றால், அதற்கு முந்தின மாதம் முழுக்க அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது இன்னொரு சந்தோஷம். அதை யாரும் கிறுக்கு என்று சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோரும் சேர்ந்து, தெருவில், வெளிச்சத்தில் காத்திருக்கிறார்கள். உங்கள் காத்திருப்பை மட்டும் ஏன் மாடிப்படிக்குக் கீழே ஒளித்து வைக்க வேண்டும்?

பாட்டுக்குக் காத்திருப்பதும் இங்கே புதிதில்லை. எங்கள் காலத்தில் கேசட். புதுப்படப் பாட்டு வந்துவிட்டது என்று மதுரைக்குப் போய் வந்த யாராவது சொல்வார்கள். உடனே ஒரு வெள்ளைத்தாளில் பாட்டு வரிசையை எழுதி, 60 நிமிஷமா 90 நிமிஷமா என்று பார்த்து ஒரு வெற்றுக் கேசட்டும் வாங்கி ரெக்கார்டிங் சென்டரில் கொடுக்க வேண்டும். கடைக்காரர் ஒவ்வொரு பாட்டுக்கும் நேரே நிமிஷத்தைக் குறித்துக் கூட்டிப் பார்ப்பார். ஏ பக்கம் முடிகிற இடத்தில் பாட்டு பாதியில் அறுந்துவிடக் கூடாது அல்லவா! ஒரு பாட்டை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடச் சொல்வார். 'நாளன்னைக்கு வாங்க' என்பார். அந்த 'நாளன்னைக்கு' வருவதற்குள் உயிர் போய்விடும். ஆனால் அந்தக் கடைக்குப் போனது நாங்கள் இல்லை. வயசுப்பிள்ளை ரெக்கார்டிங் கடையில் போய் நிற்பதா? தம்பியிடம்தான் கொடுத்தனுப்புவோம். வந்த கேசட்டையும் அப்பா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போடுவோம். அந்த ஒளித்தல் உங்கள் தலைமுறை வரைக்கும் வந்துவிட்டதே என்பதுதான் என் ஆதங்கம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு 'ஆல்பம்' என்பதே சரியாகப் பிடிபடுவதில்லை. நமக்குப் பாட்டு என்றால் சினிமாப் பாட்டு. படத்தில் யார் நடிக்கிறார்கள், யார் இசை என்றுதான் கேட்போம். பாடுகிறவர் பின்னாலேயே நிற்பார். படம் இல்லாமல் பாட்டு மட்டும் தனியாக வந்து ஊரைப் பிடித்தது தமிழில் கொஞ்சம்தான். 2012-இல் ஹிப்ஹாப் தமிழா 'ஹிப்ஹாப் தமிழன்' கொண்டுவந்தார்கள். 2021 மார்ச்சில் தீயும் அறிவும் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. அதைக் கேட்காத வீடில்லை. 2024-இல் சாய் அபயங்கரின் 'கட்சி சேர' வந்து கல்யாண வீடு வரைக்கும் போனது. ஆனாலும் பாடுகிறவரே எழுதி, பாடுகிறவரே ஆடி, பாடுகிறவருக்காகவே ஜனம் காத்திருப்பது நம் பெரியவர்களுக்குப் பழக்கமில்லாத காரியம். 'எந்தப் படம்?' என்று அப்பா கேட்டால் கோபப்படாமல் உட்கார்ந்து சொல்லுங்கள். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறார்.

கேலியைப் பற்றியும் பேசிவிடுவோம். 'பொம்பளப் பிள்ள மாதிரி மை போட்டவன்களுக்கு இம்புட்டுக் கிறுக்கா' என்று உங்களைப் பேசுகிற அண்ணன்மார்களை எனக்குத் தெரியும். அதே அண்ணன்மார்களின் நடிகர் படம் வெளிவரும் நாளில் மதுரை ரோடுகள் எப்படி இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். கட் அவுட், பாலபிஷேகம், டிரம்ஸ், பாதுகாப்புக்குப் போலீஸ். அமெரிக்காவைச் சேர்ந்த சாரா டிக்கி என்ற மானிடவியலாளர் 1980-களில் மதுரையில் தங்கி, ஏழைக் குடும்பங்கள் சினிமாவை எப்படிப் பார்க்கின்றன என்று ஆராய்ந்தார். 1993-இல் அது புத்தகமாக வந்தது. ரசிகர் மன்றங்களைப் பற்றி அதில் விரிவாக எழுதியிருக்கிறார். மன்றங்களில் இருந்தவர்கள் இளவட்ட ஆண்கள். படம் பார்த்து அழுததும் சிரித்ததும் பெண்களும்தான் என்றாலும் மன்றத்தில் அவர்களுக்கு இடமில்லை. நாற்பது வருஷம் ஆகியும் அதில் பெரிதாக மாற்றமில்லை. ஆண்பிள்ளையின் ரசனைக்கு ரோடு கிடைக்கிறது, பெண்பிள்ளையின் ரசனைக்கு இயர்போன் மட்டும்தான். இது நியாயமில்லை. உங்களுக்கு ரோட்டை அடைத்து ஆடும் உரிமை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக் கூடத்தில் ஒரு ஸ்பீக்கரில் பாட்டுப் போடும் உரிமையைக் கேட்கிறேன்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒளித்தல் எங்கே கொண்டுபோய் விடும் என்று நாம் பார்த்துவிட்டோம். 2024 ஜனவரி முதல் வாரம். கரூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். எட்டாம் வகுப்புப் படிக்கும் மூன்று பிள்ளைகள், பதிமூன்று வயது. பிடிஎஸ்ஸைப் பார்க்கக் கொரியா போகிறோம் என்று யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டார்கள். கையில் 14,000 ரூபாய். ஈரோட்டில் ரயிலேறிச் சென்னை. அங்கிருந்து விசாகப்பட்டினம் போய்க் கப்பல் பிடிப்பதாகத் திட்டம். சென்னையில் அலைந்து திரிந்து 1,200 ரூபாய்க்கு ஒரு ரூம் எடுத்துத் தங்கினார்கள். பிறகு ஊருக்கே திரும்பிவிடலாம் என்று ரயிலேறியவர்கள், காட்பாடியில் சாப்பாடு வாங்க இறங்கினார்கள். ரயில் போய்விட்டது. ராத்திரி நேரத்தில் ஸ்டேஷனில் நின்ற மூன்று பேரையும் போலீஸார் பார்த்து மீட்டார்கள். பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் புத்திமதி சொல்லி அனுப்பிவைத்தார்கள்.

அந்தச் செய்தியைப் பார்த்து நிறையப் பேர் சிரித்தார்கள். எனக்கு ஈரக்குலை நடுங்கியது. காட்பாடி பிளாட்பாரத்தில் அந்தப் பிள்ளைகளை முதலில் பார்த்தது வேறு யாராவதாக இருந்திருந்தால்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மூன்று பேரும் பணம் சேர்த்திருக்கிறார்கள், வழி விசாரித்திருக்கிறார்கள், எந்தத் துறைமுகம் என்று தீர்மானித்திருக்கிறார்கள். இவ்வளவும் நடந்த வீடுகளில் பெரியவர்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. 'யாரும்மா அந்தப் பையன்கள், ஒரு பாட்டைப் போடு பார்ப்போம்' என்று அம்மாவோ அத்தையோ ஒரு தரம் கேட்டிருந்தால், 'கொரியாவுக்குக் கப்பல் போகுமா அத்தை?' என்று பிள்ளைகளும் ஒரு தரம் கேட்டிருப்பார்கள். அந்த ஒரு கேள்வியோடு திட்டம் கலைந்திருக்கும். பதினெட்டு நிரம்பாதவர்களுக்குப் பாஸ்போர்ட் எடுக்கவே பெற்றோர் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

போக ஆசைப்படுவதைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். ஒடிசாவின் ரூர்கேலாவைச் சேர்ந்த ஸ்ரீயா லெங்கா என்ற பெண், ஆன்லைன் தேர்வில் ஜெயித்து, சியோலில் பயிற்சி எடுத்து, 2022-இல் 'பிளாக்ஸ்வான்' என்ற கொரியப் பாட்டுக் குழுவில் சேர்ந்தார். வீட்டுக்குத் தெரிந்து, வீட்டார் துணையோடு போனார். அப்படிப் போனவரை யாரும் காட்பாடியில் தேட வேண்டியிருக்கவில்லை.

இனி பணம். இங்கேதான் உங்களோடு எனக்குக் கொஞ்சம் சண்டை இருக்கிறது.

பாட்டுக் கம்பெனிகள் ஒரே ஆல்பத்தை நாலைந்து விதமான அட்டையில் போட்டு விற்கின்றன. உள்ளே ஒரு போட்டோகார்டு இருக்கும். யாருடைய படம் வரும் என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் பயாஸ், அதாவது உங்களுக்கு மிகவும் பிடித்தவர், ஜிமின் என்று வைத்துக்கொள்வோம், வந்தது வேறொருவர் என்றால் இன்னொன்று வாங்கத் தோன்றும். வாங்க வைப்பதற்காகவே செய்த ஏற்பாடு அது. ஒரு ஆல்பம் கடல் தாண்டிக் கல்லுப்பட்டிக்கு வந்து சேரும்போது விலை ஆயிரங்களில் நிற்கும். பஸ் காசில் மிச்சம் பிடித்து, தாத்தா கொடுத்த தீபாவளிக் காசைச் சேர்த்து, இன்ஸ்டாவில் முகம் தெரியாத ஒருவருக்கு 'கூட்டு ஆர்டர்' என்று ஜிபே பண்ணிவிட்டு மாதக்கணக்கில் பார்சலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பார்சல் வராமல் போனால் வீட்டில் அழக்கூட முடியாது, ஏனென்றால் வாங்கியதே வீட்டுக்குத் தெரியாது. ஒளித்தல் இங்கேயும் உங்களைத்தான் அடிக்கிறது.

காசு கொடுத்து வாங்குவதைப் பற்றி ஆழமாக யோசித்த ஒருவர் நம்மூரிலேயே இருந்தார். காந்தி நிகேதன் ஆசிரமத்தை நீங்கள் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்க்கிறீர்கள். 1940-இல் கோ. வேங்கடாசலபதி தொடங்கிய ஆசிரமம். காந்தியின் பொருளாதாரத்தை எழுத்தாக்கிய ஜே.சி. குமரப்பா தன் கடைசிக் காலத்தை அங்கேதான் கழித்தார். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் படித்துவிட்டுக் கதர் உடுத்தியவர். காசைப் பற்றி எதுவும் தெரியாத சாமியார் என்று அவரை நினைத்துவிடாதீர்கள். ஒரு பொருளுக்குக் காசு கொடுக்கிறவருக்கு அது எப்படி உண்டானது, யாருடைய உழைப்பை உறிஞ்சியது, மண்ணுக்கு என்ன கேடு செய்தது என்பதிலெல்லாம் பங்கு உண்டு என்று வாழ்நாள் முழுக்க எழுதியவர் அவர். இதே கேள்வியை இன்றைக்கு உங்கள் கூட்டத்துப் பிள்ளைகளே கேட்கிறார்கள். இந்தோனேசியாவிலும் கொரியாவிலும் உள்ள கேபாப் என்னும் கொரியப் பாட்டின் ரசிகைகள் 2021-இல் 'கேபாப் ஃபார் பிளானெட்' என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். போட்டோகார்டை மட்டும் எடுத்துக்கொண்டு பெட்டி பெட்டியாகத் தூக்கி எறியப்படும் பிளாஸ்டிக் சிடிகளை நிறுத்துங்கள் என்று கம்பெனிகளிடம் போய்க் கேட்கிறார்கள். 2022-இல் பிடிஎஸ்ஸின் ஜே-ஹோப் தன் 'ஜாக் இன் தி பாக்ஸ்' ஆல்பத்தைச் சிடி இல்லாமல்தான் வெளியிட்டார். ஆகவே ஒரு ஆல்பம்கூட வாங்காத ஆர்மி பாதி ஆர்மி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாட்டைப் போனில் கேட்கலாம். வாங்கத்தான் வேண்டுமென்றால் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். அம்மாவுக்குத் தெரிந்து, நம்பிக்கையான கடையில்.

ஸ்ட்ரீமிங் விஷயமும் அப்படித்தான். வெளியான முதல் நாள் இத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள் என்று கணக்குக் காட்ட, ராத்திரி முழுக்கப் பாட்டை ஓடவிடச் சொல்லி உங்களுக்குப் பட்டியல் வரும். பாடியவர்களுக்கு உங்கள் தூக்கத்தைக் கொடுத்துத்தான் முதலிடம் வாங்கித் தர வேண்டும் என்பதில்லை. 2020-இல் 'டைனமைட்' அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்துவிட்டது. அவர்களுக்கு அது கிடைத்தாகிவிட்டது. உங்களுக்குப் பரீட்சை பாக்கி இருக்கிறது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, இந்த ஆல்பத்துக்கு நானும் ஏன் காத்திருக்கிறேன் என்று சொல்லாவிட்டால் கடிதம் அரைகுறையாகிவிடும்.

அந்தப் பெயர்தான் காரணம். அரிராங் அவர்களுடைய நாட்டுப்பாட்டு. இன்னார் எழுதியது என்று சொல்ல முடியாதபடி ஊர் ஊராகப் பாடி வளர்ந்தது. ஜியோங்சோன் அரிராங் ஒரு மாதிரி, ஜிந்தோ அரிராங் ஒரு மாதிரி, மிர்யாங் அரிராங் வேறு மாதிரி. அறுபது வகையில் சுமார் 3,600 வடிவங்கள் இருப்பதாக யுனெஸ்கோ குறித்திருக்கிறது. 2012-இல் தென்கொரியாவுக்காகவும் 2014-இல் வடகொரியாவுக்காகவும் அது பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. நாடு இரண்டாகப் பிரிந்த பிறகும் பாட்டு பிரியவில்லை. மலைக்கணவாயைத் தாண்டிப் போகிறவரைப் பார்த்துப் பாடும் பாட்டு அது. பிரிவும் ஏக்கமும் உள்ளே இருக்கின்றன, வேலை செய்துகொண்டே பாடுகிற வடிவங்களும் உண்டு. 1896-இல் வாஷிங்டனில் ஆலிஸ் பிளெட்சர் என்ற மானிடவியலாளர், அங்கே இருந்த கொரிய இளைஞர்களைப் பாடச்சொல்லி மெழுகு உருளையில் பதிவு செய்தார். அதில் அரிராங்கும் இருக்கிறது. கொரியப் பாட்டு முதன்முதலாகப் பதிவானது அப்போதுதான் என்கிறார்கள். ஊரைவிட்டு அவ்வளவு தூரத்தில் இருந்தவர்களிடம் ஒரு பாட்டுப் பாடு என்று கேட்டதற்கு, அவர்கள் வாயில் வந்தது இது.

உலகம் முழுக்கக் கேட்கும் ஏழு பேர், இத்தனை வருஷம் கழித்துத் திரும்பி வரும்போது ஆங்கிலப் பெயர் வைக்காமல் இந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. மண்ணை மறைத்துக்கொண்டு பெரிய ஆளானவர்கள் இல்லை அவர்கள். சுகா டேகு ஊர்க்காரர், ஜே-ஹோப் குவாங்ஜு, ஜிமினும் ஜங்குக்கும் புசான். வி வளர்ந்தது கோச்சாங்கில், விவசாயக் குடும்பத்தில், தாத்தா பாட்டி வீட்டில். தொடக்க காலத்தில், 2013-இல், தங்கள் ஊர் வட்டார வழக்கிலேயே ஒருவரை ஒருவர் வம்புக்கிழுத்து ஒரு ராப் பாட்டே பாடியிருக்கிறார்கள். மதுரைப் பேச்சைக் காலேஜுக்குப் போனதும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிற பிள்ளைகள் அதைத் தேடிக் கேட்க வேண்டும்.

அரிராங்கைக் கேட்டு முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முளைப்பாரி எடுக்கும்போது நம் பெண்கள் கும்மியடித்துப் பாடும் பாட்டுகள் இருக்கின்றனவே, அவற்றை முழுசாகப் பாடத் தெரிந்தவர்கள் இப்போது உங்கள் அப்பத்தாக்களும் அம்மாச்சிகளும்தான். பருத்தி எடுக்கும்போது பாடியதும், தாலாட்டும், ஒப்பாரியும்கூட அவர்கள் நெஞ்சில் இருக்கின்றன. எழுதி வைத்ததில்லை. பிளெட்சருக்கு மெழுகு உருளை தேவைப்பட்டது. உங்கள் கையில் போன் இருக்கிறது. பிடிஎஸ் பாட்டை அப்பத்தாவுக்குப் போட்டுக்காட்டுங்கள், பதிலுக்கு அப்பத்தாவை ஒரு பாட்டுப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். கிழவி முதலில் வெட்கப்படும். விடாதீர்கள்.

உங்கள் கூட்டத்துக்கு இருக்கும் பலம் உங்களுக்கே முழுசாகத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். 2020-இல் அமெரிக்காவில் கறுப்பின மக்கள் போராடியபோது பிடிஎஸ் பத்து லட்சம் டாலர் கொடுத்தார்கள். அதே அளவு தொகையை ஆர்மியினர் சில நாட்களுக்குள் உலகெங்குமிருந்து சேர்த்துக் கொடுத்தார்கள். 2021-இல் கொரோனா இரண்டாவது அலையில் இங்கே ஆக்ஸிஜனுக்கு ஆலாய்ப் பறந்தபோது இந்திய ஆர்மியினர் லட்சக்கணக்கில் நிதி திரட்டினார்கள். அதில் கொடுத்தவர்கள் பலரும் உங்களைப் போன்ற மாணவிகள், இளம்பெண்கள். இதை உங்களைக் கேலி செய்கிறவர்களிடம் சொல்லுங்கள். சண்டை போடாமல் சொல்லுங்கள்.

இந்த மடலைப் படிக்கும் அம்மாமார்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையின் போனைப் பிடுங்கி வைப்பதால் பாட்டு நிற்காது; உங்களிடம் பேசுவதுதான் நிற்கும். ஏழு பேரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். யாரைப் பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று கேளுங்கள். 2018 செப்டம்பரில் ஐ.நா. சபையில் பிடிஎஸ்ஸின் ஆர்.எம். பேசிய பேச்சு யூடியூபில் இருக்கிறது. சின்ன வயதில் மற்றவர்கள் கண்ணால் தன்னைப் பார்க்கத் தொடங்கித் தன் குரலையே இழந்ததாகச் சொல்கிறார். உங்கள் மகளுக்கு ஏன் அந்தப் பையனைப் பிடிக்கிறது என்று அதைக் கேட்டால் விளங்கும்.

பிள்ளைகளே, காலை ஒன்பதரைக்கே கேட்டாக வேண்டும் என்பதில்லை. பள்ளிக்கூடம் போங்கள், பரீட்சை உள்ளவர்கள் எழுதிவிட்டு வாருங்கள். சாயங்காலம் கேட்டாலும் பதினான்கு பாட்டும் அப்படியேதான் இருக்கும். மறுநாள் 21-ஆம் தேதி சியோலில் குவாங்வாமுன் சதுக்கத்தில் அவர்கள் பாடப்போகிறார்கள், நெட்பிளிக்ஸில் நேரலை. நெட்பிளிக்ஸ் உள்ள வீடு எது என்று இப்போதே பேசி, அந்த வீட்டுப் பெரியவர்களிடம் அனுமதி கேட்டு வையுங்கள்.

அதற்கு முன்னால் இன்றைக்கே ஒரு வேலை இருக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்: 'மார்ச் 20 சாயங்காலம் எனக்கு ஒரு மணி நேரம் வேணும். கூடத்தில் பாட்டுப் போடப் போறேன். நீங்களும் உட்கார்ந்து கேளுங்க.'

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பெரியம்மா